எத்தனை மாடு என்பது சரி, எந்த மாடு?

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் கடைசிச் சுற்று முடிந்ததும் மைக்கில் வருவது ஓர் எண்தான், முதலிடம் பெற்றவர் பிடித்த மாடுகளின் எண்ணிக்கை. 2022-ல் 21. 2023-ல் 26. 2024-ல் 18. 2025-ல் 20. அந்த எண்ணுக்கு உரியவர் புழுதி படிந்த பனியனோடு மேடையேறி கார் சாவியை வாங்கிக்கொள்கிறார். 2022-லும் 2024-லும் மேடையேறியவர் கருப்பாயூரணி கார்த்தி. 2023-லும் 2025-லும் பூவந்தி அபிசித்தர். அலங்காநல்லூருக்கு முதல் நாள் ஜல்லிக்கட்டு நடக்கும் பாலமேட்டில் பொதும்பு பிரபாகரன் 2022-ல் 21, 2024-ல் 14 என்று முதலிடம் பிடித்திருக்கிறார். மதுரைப் பக்கத்துப் பையன்களுக்கு இந்தப் பெயர்களும் எண்களும் கிரிக்கெட் ஸ்கோரைப் போல மனப்பாடம்.

மனப்பாடமாக இருப்பதால் சண்டையும் ஓய்வதில்லை. ஒருவர் பெயரைச் சொல்லி "இவர்தான்யா பெரிய ஆளு" என்று ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்: "பிடிச்சதெல்லாம் ஓடுற மாடு. நின்னு விளையாடுற மாட்டைப் பிடிச்சாரா, அதைச் சொல்லு." எந்த வீரரின் பெயரைச் சொன்னாலும் இதே பதில்தான். பொறாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

குத்துச்சண்டைக்காரர்கள் நூறு வருடமாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் 49 வெற்றி. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். ஆனால் அவர் 1951-ல் சாய்த்த ஜோ லூயிஸுக்கு அப்போது 37 வயது. அடுத்த ஆண்டு அவரிடம் பட்டத்தைப் பறிகொடுத்த வால்காட்டுக்கு 38. கிழவர்களை அடித்தார் என்ற பேச்சு அவரை விடவே இல்லை. மாறாக முகமது அலி தோற்றிருக்கிறார், தாடை உடைபட்டிருக்கிறார். ஆனாலும் 1980-ல் அவர் சென்னைக்கு வந்தபோது கூட்டம் கட்டுக்கடங்காமல் திரண்டது. ஃப்ரேசியர், ஃபோர்மேன், நார்ட்டன் என்று எதிரே நின்றவர்களின் பெயரைச் சொன்னாலே அலி யாரென்று புரிந்துவிடும். எதிராளியின் பெயர் குறிப்பேட்டில் இருப்பதால்தான் அங்கே வாதமாவது செய்ய முடிகிறது. நம் ஊரில் 26 காளைகள் பிடிபட்டன என்று தெரிகிறது. அந்த 26-ம் எவை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

களத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வாடிவாசலுக்குள் மூக்கணாங்கயிற்றை அறுத்து விடுகிறார்கள். மாடு வெளியே பாயும் அந்த ஓரிரு விநாடிக்குள், பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் வீரரின் கை திமிலின் மேல் விழ வேண்டும். நெஞ்சு மாட்டின் விலாவோடு ஒட்ட வேண்டும், தலை திமிலுக்குப் பின்னால் பதுங்க வேண்டும். அப்படியே மூன்று துள்ளல் தாங்க வேண்டும், இல்லையென்றால் குறித்த தூரம் வரை கூடவே போக வேண்டும். கொம்பைப் பிடித்தாலோ வாலைப் பிடித்தாலோ கணக்கில் வராது. இருவர் சேர்ந்து பிடித்தாலும் இல்லை. சுற்றுக்குச் சுமார் ஐம்பது பேர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறத்தில் பனியன். சுற்றில் நன்றாகப் பிடித்தவர்கள் மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்.

இதில் புதிதாகக் களம் காணும் கன்றுக்குட்டித்தனமான மாடு ஒன்று நேராக ஓடும். திமிலில் தொங்கினால் போதும், எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். பழகிய மாடு அப்படி இல்லை. வாடியைத் தாண்டியதும் நிற்கும், திரும்பும், பின்காலை ஊன்றிச் சுழலும். மண் குத்தப் பழகிய கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று கணிக்க முடியாது. அதன் பெயரை மைக்கில் சொன்னதுமே களத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் அணைமரத்தின் மேல் ஏறிவிடுவார்கள். அந்த மாட்டைப் பிடித்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

ஒதுங்குவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு தையிலும் குடல் சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை, சில சமயம் திரும்பாதவர்களை, மதுரை பார்த்திருக்கிறது. கேலரியில் உட்கார்ந்து "பிடிடா" என்று கத்துவதற்கு வீரம் தேவையில்லை. குத்துச்சண்டையிலும் ஒதுங்குதல் உண்டு. 1919 முதல் 1926 வரை பட்டம் வைத்திருந்த ஜாக் டெம்ப்சி, ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரரோடு கடைசி வரை மோதவே இல்லை. அங்கே அது வருடக்கணக்கில் ஒப்பந்தம், பணம், நிறவெறி எல்லாம் சேர்ந்து நடந்தது. இங்கே ஒரு விநாடியில் ஓர் அடி பின்னால் வைத்தால் முடிந்தது, யாரும் பார்க்கமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதிராளி சுலபமானவன் என்று நாம் நினைப்பதே, அவன் தோற்ற பிறகுதான். லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தவர். மாதம் ஒரு சோப்ளாங்கியை அடிக்கிறார் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்த காலத்தில், 1941 ஜூனில் எதிரே வந்த பில்லி கான் 12 சுற்று முடிவில் புள்ளியில் முந்தி இருந்தார். 13-ல் லூயிஸ் வீழ்த்தினார். மாட்டுக்கும் அப்படித்தான். நேற்றுவரை "தொட முடியாத மாடு" என்று கும்பிட்டதை இன்று ஒருவர் அணைத்துவிட்டால், நாளைக்கே "அதுக்கு வயசாயிருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பிடித்தவருக்கு இதில் எந்த வழியிலும் லாபம் இல்லை.

பழைய ஆட்கள் மாட்டைத்தான் கணக்கில் வைத்தார்கள். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் பாடல்களைப் படித்தால், காளைகளின் நிறத்தையும் சுட்டியையும் கொம்பையும் ஒவ்வொன்றாக வருணித்த பிறகே களம் சூடு பிடிக்கும். சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் பிச்சி வருவது ஒரே ஒரு மாட்டுக்காக. ஜமீன்தாரின் காரி அது, அவன் அப்பனைக் கொன்ற மாடு. அங்கே எண்ணிக்கைக்கு மரியாதையே இல்லை. கொம்பில் கட்டிய துணியும் காசும் அந்தந்த மாட்டின் மதிப்பு. அவிழ்த்தவனுக்கு அது சொந்தம்.

அந்த மதிப்பீடு இன்னும் சாகவில்லை என்பதுதான் வேடிக்கை. "மாட்டுக்காரர் சார்பா ஒரு தங்கக்காசு, ஒரு சைக்கிள், விழா கமிட்டி சார்பா ஒரு பீரோ, பிடிச்சுப் பாரு!" என்று வர்ணனையாளர் கூவும்போது கவனியுங்கள். சாதாரண மாட்டுக்கு ஒரு அண்டாவோடு நிற்கும் பட்டியல், பேர் பெற்ற மாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். தன் மாடு பிடிபடாது என்று எந்த அளவுக்கு நம்புகிறாரோ அந்த அளவுக்கு மாட்டுக்காரர் பந்தயத்தை உயர்த்துகிறார். எதிராளியின் கனத்தை இதைவிட நேர்மையாக யார் அளக்க முடியும்? ஆனால் அந்த அளவை யாரும் எழுதிவைப்பதில்லை, காற்றோடு போகிறது.

2024 அலங்காநல்லூரை நினைத்துப் பாருங்கள். கார்த்தி 18, அபிசித்தர் 17. எண்ணியதில் தவறு என்று அபிசித்தர் பக்கம் குரல் எழுந்து ஊரே இரண்டுபட்டது. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 24 அன்று கீழக்கரையில் புதிதாகத் திறந்த கலைஞர் நூற்றாண்டு அரங்கத்தில் அபிசித்தர் 10 காளைகளோடு முதலிடம் பெற்றார். பத்து என்பது பதினெட்டைவிடச் சிறியதா? புது அரங்கம், வேறு மாடுகள், வேறு நேரம். இரண்டையும் தராசில் வைக்க நம்மிடம் படிக்கல் இல்லை. ஒரு மாடு கூடக் குறைய என்பதை வைத்து இருவரில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வது வீண் வேலை. 800-க்கும் மேல் மாடுகள் அவிழ்த்துவிடப்பட்ட ஒரு களத்தில், அத்தனை பேருக்கு நடுவே, ஒருவர் அடுத்தடுத்து அத்தனை திமிலில் கை வைத்ததே பெரிய காரியம். இருவரும் வல்லவர்கள் என்பதுவரை சந்தேகமில்லை. அதற்கு மேல் சொல்ல ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் திரட்டுவது கஷ்டமும் இல்லை. காளைக்கும் வீரருக்கும் ஆன்லைன் பதிவு வந்துவிட்டது. ஒவ்வொரு காளைக்கும் டோக்கன் இருக்கிறது, கால்நடை மருத்துவரின் சான்று இருக்கிறது, களத்தில் கேமராவும் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என மூன்று ஊர் விழாக் குழுக்களும் சேர்ந்து, எந்த டோக்கன் காளையை எந்த எண் வீரர் பிடித்தார், எந்தக் காளை பிடிபடாமல் போனது என்று அன்று மாலையே ஒரு பட்டியல் வெளியிடட்டும். வருகிற தைக்கு, மூன்றில் முதலில் நடக்கும் அவனியாபுரத்திலேயே ஆரம்பிக்கலாம்.