அகம் குழுவின் மூன்று அல்பங்கள்

மாத்தளை அலுவிகாரையில்தான், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், பிக்குகள் மனனமாகவே காத்துவந்த திரிபிடகம் ஓலையில் ஏறியது. கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் நெடுங்காலம் குருவின் வாயிலிருந்து சீடரின் செவிக்கு வந்தவைதான். அவற்றை மின்கித்தாரோடு பாடிப் பதிவாக்கிவருகிறது பெங்களூரின் ‘அகம்’ ரொக் குழு.

முதல் அல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’, 2012இல் வந்தது. சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா அதில் டிரம்ஸ் வேகத்தில் பாயும். கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் துடிப்பு அதிகம். 2017இல் ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’. முத்துசுவாமி தீட்சிதரின் ‘ரங்கபுர விஹார’ இதில் இடம்பெற்றது. பிருந்தாவன சாரங்கா ராகத்தின் நிதானம் கெடாமல் கித்தார் ஒதுங்கி நின்றதுதான் குழு முதிர்ந்ததற்கு அடையாளம்.

2025இல் ‘அரைவல் ஆஃப் தி எதீரியல்’. செக் நாட்டுச் சிம்பொனி வாத்தியக் குழுவும் கூடச் சேர்ந்ததால் பிரமாண்டத்துக்குக் குறைவில்லை. சில இடங்களில் அந்தப் பிரமாண்டமே குழுவின் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணனின் குரலை மூடிவிடுகிறது என்பது நம் அபிப்பிராயம்.

அகத்தைப் புதிதாகக் கேட்கப்போகும் நேயர்களே, 2012 அல்பத்திலிருந்தே தொடங்குங்கள்.