அழிவு நேராத 'அழிவு'

சென்னை அபிராமபுரத்தில் மழை ஓய்ந்தபின், தெருவோரம் தேங்கிய நீரில் வாகனங்கள் சிந்திய எண்ணெய் மெல்லிய படலமாய்ப் பரவிப் பல வண்ணங்களில் ஒளிர்வதைக் காண்கிறோம். அவ்வண்ணங்கள் எண்ணெய்க்கு உரியவை அல்ல. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளித்த அலையும் அடிப்பரப்பில் எதிரொளித்த அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. முகடும் முகடும் சேரும் நிறம் ஓங்குகிறது. முகடும் அகடும் சேரும் நிறம் மங்குகிறது. இதனையே குறுக்கீட்டு விளைவு என்கிறோம்.

இங்கு ஒரு வினா எழுகிறது. ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் பிறக்குமாயின், அவை சுமந்து வந்த ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்னும் விதி பொய்த்துவிட்டதா? பாடநூல்கள் இதற்கு 'அழிவுக் குறுக்கீட்டு விளைவு' எனப் பெயர் சூட்டியிருப்பது ஐயத்தை மேலும் வளர்க்கிறது.

ஒளி ஒளியை அழிப்பதில்லை என்பதற்குப் பழஞ்சான்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் அறிஞர் இப்னுல் ஹைஸம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். பல விளக்குகளின் ஒளி ஒரே துளை வழியே இருட்டறைக்குள் புகுந்தும், ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தத்தம் இடத்திலேயே விழுந்தது. அலைக்கொள்கை அன்று அறியப்படவில்லை. ஆயினும் அவர் கண்டது உண்மையே.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 அலகு செறிவுள்ள இரு அலைகள் ஒரு திரையில் சந்திப்பதாகக் கொள்வோம். அங்கே கூடுபவை செறிவுகள் அல்ல, வீச்சுகள். செறிவோ வீச்சின் இருமடிக்கு ஏற்ப அமைவது. ஆகவே ஒளிர்வரியின் நடுவே வீச்சு 2 மடங்காகிச் செறிவு 4 அலகாகிறது. இருள்வரியின் நடுவே அது 0. திரை முழுமைக்கும் சராசரி 2 அலகு. இரு அலைகளும் கொணர்ந்த தொகையும் அதுவே. இருள்வரி இழந்ததை ஒளிர்வரி பெற்றுக்கொண்டது.

அபிராமபுரத்துக்கு அண்மையில், கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த சி.வி. இராமன், செவ்வகத் துளையில் சாய்வாக விழும் ஒளி தோற்றுவிக்கும் வரிகளை ஆராய்ந்து 1906-இல் தமது முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அவ்வரிகளிலும் ஆற்றல் இடம் மாறுகிறதேயன்றிக் குறைவதில்லை.

எண்ணெய்ப் படலத்தில் ஒரு நிறம் பரப்பு முழுவதும் மங்கினாலோ? எதிரொளிப்பில் குறைந்த அப்பங்கு படலத்தைக் கடந்து நீருக்குள் செல்கிறது. பூச்சில்லாத மூக்குக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும். எதிரொளிப்பைத் தடுக்கும் மென்பூச்சு அந்த ஒளியில் பெரும்பகுதியை நம் கண்ணுக்குள் சேர்க்கிறது.

ஆகவே 'அழிவு' என்பது ஓரிடத்தில் அலைவீச்சு நீங்குவதைக் குறிக்குமேயன்றி ஆற்றலின் இழப்பைக் குறிக்காது. ஓரிடத்தில் ஒளி குறைந்ததெனில், அது கூடியிருக்கும் மற்றோர் இடத்தை நாம் தேடவேண்டும்.