தங்கத்தாத்தாவின் பாட்டும் தேயிலைமலைப் பிள்ளைகளும்

பனைமரத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகள் பனங்கட்டிக் கூழைப் பாடிக் களித்த ஊர், ஊவா மாகாணத்துப் பசறை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு'ப் பாட்டு பாடப்புத்தகத்தோடு இந்த மலையேறியது. ஆடிக்கூழ் காய்ச்சும் வழக்கம் தோட்டத்து லயங்களில் இல்லை. ஆனாலும் பாட்டின் துள்ளல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது.

புலவர் 1878இல் யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தவர். வட்டுக்கோட்டையில் நாற்பதாண்டுக் காலம் அளவுக்கு ஆசிரியராக இருந்தார். பக்திப் பாடல்களும் நாடகமும் நிறைய எழுதியவரை ஊரெல்லாம் 'தங்கத்தாத்தா' என்று கூப்பிட வைத்தவை ஒரு சில சிறுவர் பாட்டுகள்தாம். வகுப்பில் நாளும் பிள்ளைகளோடு பழகிய வாத்தியாருக்கு அவர்கள் எதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது தெரிந்திருந்தது. கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வைக்கோல் வெருளியை உயிருள்ள காவல்காரனாகவே வைத்து அவர் பேசுகிறார். புத்திமதியைத் திணிக்காமல், தன் ஊர்ப் பிள்ளை தினமும் பார்ப்பதையே பாட்டாக்கினார். அவருடைய மேன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன். 1953இல் அவர் மறைந்தார், பாட்டுகள் நிலைத்தன.

அன்றைய தோட்டப் பள்ளியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரே அறை, ஒரே மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பள்ளி துரைமாரின் கையில் இருந்தது. பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போகும் வயது வந்தால் புத்தகம் மூடப்படும். அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்றது 1970களில்தான். அதே காலத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால் சிறுவர் இதழான 'அம்புலிமாமா'வும் அரிதானது. பாடப்புத்தகத்துக்கு வெளியே வாசிக்க எதுவும் கிடைக்காத பிள்ளைக்குத் தங்கத்தாத்தாதான் துணை.

இன்று பசறையில் உயர்தரம் வரை தமிழில் படிக்கலாம். அன்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். இன்று கரும்பலகை முன் நிற்பவர்களில் பலர் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள். கைபேசியில் தமிழ்நாட்டுச் சிறுவர் பாட்டுகள் நாள் முழுக்க ஓடுகின்றன. இத்தனை மாறியும், பிள்ளைக்காம்பராவில் தங்கையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் சிறுமியோ, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களமோ, அட்டை கடித்த காலோடு மலையிறங்கும் அம்மாவோ பிள்ளைகள் பாடும் பாட்டில் வருவது அபூர்வம்.

சரக்கு இல்லாமல் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த தோட்டத்து நாட்டார் பாடல்கள் இருக்கின்றன. பதுளைப் பக்கம் பிறந்த தெளிவத்தை ஜோசப், தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு இந்த வாழ்க்கையைக் கதையாக்கினார். ஆனால் அவர் எழுதியது பெரியவர்களுக்கு.

யாழ்ப்பாணத்தில் சிறுவர் பாட்டு தானாக முளைக்கவில்லை. கல்வி அதிகாரி க.ச. அருள்நந்தி பாட்டுப் போட்டி நடத்தித் தூண்டினார்; 1935இல் 'பிள்ளைப்பாட்டு' நூலாக வந்தது. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் அப்படியொரு போட்டியைப் பசறை, மடுல்சீமை, லுணுகலை ஆசிரியர்களுக்கு வைக்கட்டும். தேர்வாகும் பாட்டுகளை முதலில் இந்த மலைப் பள்ளிகளின் முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளே பாடிப் பார்க்கட்டும்.