‘டீசல் வாடைதானே’ன்னு விடலாமா? பழவேற்காடு மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய எரிபொருள் புகை ஆபத்து!

அதிகாலையில் பழவேற்காடு படகுத்துறையில் நின்றால் முதலில் மூக்கில் ஏறுவது மீன் வாசம் அல்ல, எஞ்சின் புகைதான். கடலுக்குப் போகிறவர், கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர், வேடிக்கை பார்க்க வந்த குழந்தை என எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். "பழகிப்போச்சு, என்ன ஆகிடப் போகுது?" என்பதே பொதுவான பதில்.

ஆனால் 2023 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. கடலில் சுமார் 20 சதுர கி.மீ. பரப்பில் எண்ணெய்ப் படலம் தெரிந்ததாகக் கடலோரக் காவல்படை தெரிவித்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் காட்டுப்பள்ளி குப்பம் வரை பாதிப்பு நீண்டது. மீனவர்கள் பலர் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளினார்கள். கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத்திணறல் என்று ஊர்மக்கள் சொன்னார்கள். அந்த வாடைக்குள் என்னதான் இருக்கிறது? எப்படித் தப்பிப்பது?

ஆவி வேறு, புகை வேறு

பெட்ரோலோ கச்சா எண்ணெயோ எரியாமலேயே காற்றில் கலப்பது ஆவி. இதில் பென்சீன் போன்ற வேதிப்பொருட்கள் இருக்கும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எஞ்சினில் எரிந்து வருவது புகை. டீசல் புகையையும் 2012-ல் அதே பிரிவில் சேர்த்தது அந்த முகமை. ஒருநாள் சுவாசித்தால் புற்றுநோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு புகை, எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும். தினமும் துறையில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

புகையில் இன்னொரு ஆளும் உண்டு. அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு ரிப்பேர் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும்.

வாடை போயிட்டா ஆபத்தும் போயிடுச்சா?

இல்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். ஆவி அங்கேயே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது என்பதால் படகின் அடிப்பகுதியிலும் பள்ளங்களிலும் தங்கும். பெரியவர்களைவிட உயரம் குறைந்த குழந்தைகளுக்கு அது நெருக்கம். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பீடியும் ஸ்டவ்வும் கூடவே கூடாது.

துறையில் நிற்கும்போது...

* காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து எஞ்சினை நோக்கி வீசுகிற மாதிரி நில்லுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்த மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் நேரத்திலாவது இடம் மாறி நின்றால் போதும்.
* கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள் புகை அடங்கும் வரை தள்ளியே இருக்கட்டும்.
* கேனிலிருந்து டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா வரலாம். கைப்பம்பு வாங்குங்கள்.

எண்ணெய்க் கசிவு என்றால்?

எண்ணெயில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் மூச்சுக்கு அதிகக் கெடுதல். அது பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே காற்றில் கலந்துவிடும். சோகம் என்னவென்றால், வலையைக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் கூட்டம் கூடுவதும் அந்த நாட்களில்தான். பகலில் கடற்காற்று ஊரை நோக்கி வீசினால் வீட்டுக்குள்ளேயும் ஆவி வரும்.

மாஸ்க் போட்டால் போதாதா? துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவுமே ஆவியைத் தடுக்காது. என்95 தூசியையும் புகைத்துகளையும்தான் வடிகட்டும். ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அந்த வடிகட்டிக்கும் ஆயுள் உண்டு, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனவே எண்ணெய் அள்ளக் கூப்பிட்டால், கூலி பேசுவதற்கு முன்பு இதைக் கேளுங்கள்: கவசம், எண்ணெய் புகாத கையுறை, பூட்ஸ், கண்ணாடி தருவீர்களா? முறை மாற்றி ஓய்வு உண்டா? வேலை செய்தவர்கள் பெயரைப் பதிவு செய்வீர்களா, பிறகு மருத்துவப் பரிசோதனை நடக்குமா? இதையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை. வலையும் படகும் போனால் இழப்பீடு கேட்கலாம். நுரையீரல் போனால் யாரிடம் கேட்பது?

உடம்பில் பட்டுவிட்டால்...

மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் தேய்க்காதீர்கள். அது தோலை இன்னும் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவி, பிசுபிசுப்பைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு வருவது நுரையீரலுக்குள் போய்விடும்.

தலை கிறுகிறுப்பு, குமட்டல், தலைவலி வந்தால் அது உடம்பு கொடுக்கும் சிக்னல். உடனே திறந்த வெளிக்கு வாருங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கடலில் ஆபத்தில் சிக்கினால் கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் படகில் போகிற எல்லோருடைய போனிலும் இன்றே சேவ் செய்துவிடுங்கள்.