நாணயம் சேர்க்கத் தொடங்குவோர்க்கு

ஒரு நாணயத்துக்கு முகங்கள் மூன்று. காசைச் சுண்டிவிட்டு ‘பூவா, தலையா’ என்று கேட்கும்போது இரண்டுதான் கணக்கில் வருகின்றன. மூன்றாவது முகம் விளிம்பு. இன்றைய இந்தியக் காசில் தலைப்பக்கம் அசோகத் தூணின் சிங்கமுகம் இருக்கும். பூப்பக்கத்தில் பெரும்பாலும் மதிப்பும் ஆண்டும் இருக்கும். விளிம்பு மழுமழுவென்றோ வரிவரியாகவோ அமைந்திருக்கும். பொன், வெள்ளிக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டி உலோகத்தைத் திருடுவதைத் தடுக்கவே இந்த வரிகள் வந்தன; சுரண்டினால் வரி அழிந்து திருட்டு வெளிப்பட்டுவிடும். இம்மூன்று முகங்களையும் வாசிக்கத் தெரிந்த பிறகுதான் சில்லறை சேகரிப்பாகிறது.

முதல் காசுகள்

தொடக்கத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. பாட்டியின் சுருக்குப்பை, சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கை, மறந்துபோன உண்டியல் ஆகியவை முதல் சுரங்கங்கள். அங்கே அடிக்கடி கிடைப்பது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட இந்தக் காசின் நடுவில் பெரிய துளை இருக்கும்; இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது.

அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா, ஒரு காலணாவுக்கு 3 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தக் கணக்கு முடிந்து, ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. 1964இல் ‘நயா’ உதிர்ந்து பைசா மட்டும் நின்றது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. 1957இலிருந்து 2011 வரையிலான 1, 2, 3, 5, 10, 20, 25, 50 பைசாக்களில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது புதியவருக்கு ஏற்ற முதல் இலக்கு. ஆறு மூலை கொண்ட 3 பைசாவும், பூவிதழ் போல ஓரம் வளைந்த 10 பைசாவும் சிறுவர்களை உடனே ஈர்ப்பவை.

நினைவு நாணயங்கள் இன்னொரு எளிய வழி. 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் உருவத்துடன் காசுகள் வெளிவந்தன. 2009இன் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது.

ஆண்டுக்குக் கீழே ஒரு குறி

இந்தியாவின் நான்கு அக்கசாலைகள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய இடங்களில் உள்ளன. எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்பதை ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறி சொல்லும். மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா குறி இடுவதில்லை. பழைய காசுகளில் இவை சற்று மாறியும் வரும். ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு என்றாலும் குறி வேறானால் சேகரிப்பாளருக்கு அது வேறு நாணயம். இதைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

காந்தமும் உதவும். துருப்பிடிக்காத எஃகாலான இன்றைய 1, 2 ரூபாய்களும் 1947இன் நிக்கல் ரூபாயும் ஒட்டும். வெள்ளியும் செம்பும் ஒட்டா. வெள்ளி ரூபாய் என்று தரப்படுவது காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியன்று.

பெர்ன்ஹில்லுக்கு உரிய பாதை

அடிப்படை பிடிபட்ட பின் ஒரு பொருளைத் தேர்ந்து ஆழப் போவது நல்லது. நீலகிரியில் மைசூர் மன்னர்களின் கோடை அரண்மனை நிற்கும் பெர்ன்ஹில்லில் இருப்பவருக்கு மைசூர்க் காசுகள் இயல்பான தேர்வு. 1799 வரை நீலகிரியே மைசூர் ஆட்சியில் இருந்தது.

இவ்வரிசையில் முந்தியது கண்டீரவப் பணம். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் வெளியிட்ட இந்தப் பொற்காசில் நரசிம்மர் உருவம் உண்டு. எடை ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அடுத்து திப்பு சுல்தானின் யானைச் செப்புக் காசுகள். திப்பு இவற்றுக்குக் கோள்கள், விண்மீன்களின் பெயர்களைச் சூட்டினார். ஒரு பைசாவின் பெயர் ‘சோரா’, அதாவது வெள்ளிக் கோள். 1787 வாக்கில் புதிய ஆண்டுக் கணக்கைப் புகுத்தி, ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். இதை அறியாதவர் ஆண்டைத் தலைகீழாகப் படித்துவிடுவார். நீலகிரியின் அடிவாரப் பக்கமுள்ள சத்தியமங்கலத்திலும் சலாமாபாத் என்ற பெயரில் காசு அடிக்கப்பட்டது.

திப்புவுக்குப் பின் 1799இல் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் யானையை விடவில்லை. அதன் மேல் சூரியனும் பிறையும், கன்னடத்தில் ‘ஸ்ரீ’யும் சேர்ந்தன. பின்னர் யானையின் இடத்துக்குச் சிங்கம் வந்தது. கன்னடம், பாரசீகம், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளும் ஒரே செப்புக் காசில் நெருக்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். அரசு கைமாறிய கதை அந்த ஓர் அங்குலத்துக்குள் இருக்கிறது.

களிம்பும் காப்பும்

புதியவர் செய்யும் பெரிய தவறு, புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. செப்புக் காசுக்கு அழிவு. காலப்போக்கில் செம்பின் மேல் படியும் மெல்லிய படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. தேய்த்தால் படலத்தோடு எழுத்தின் கூர்மையும் விலையும் போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துடைக்காமல் மென்துணியால் ஒற்றி எடுக்கலாம். காசை எப்போதும் விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரலின் வியர்வையும் கறையாகும்.

இரண்டு பருவமழையையும் பெறும் நீலகிரியில் ஈரமே முதல் எதிரி. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது பயன் தரும். மலிவான மென்மையான பிவிசி உறைகளைத் தவிர்க்க வேண்டும். நாளடைவில் அவை அமிலம் கசிந்து காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. வெளிர்பச்சைப் பொடி பரவும் காசை உடனே மற்றவற்றிடமிருந்து பிரிக்க வேண்டும்.

விலை, ஏமாற்று, சட்டம்

பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை காசுகள் மிஞ்சியுள்ளன, எவ்வளவு தேய்ந்துள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவை சேர்ந்தே விலையாகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்டது என்று சொல்லி விற்கப்படும் இராமர், அனுமன் காசுகளைக் கம்பெனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்பதும் மோசடி. பழைய காசுக்கு இலட்சங்கள் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போர் குறித்து 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ தேயிலைத் தோட்டத்திலோ புதைந்த காசுகள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. 1972இன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

குறிப்பேடு

தனியார் சேகரிப்பு வரலாற்றுக்கே உதவியதுண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் ஒரு சிறு செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் வாசித்தார். சங்க காலப் பாண்டியர் தம் பெயரிட்டுக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றானது.

ஆகவே ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண்ணிட்டு, உலோகம், எடை, விட்டம், இருபக்க உருவம், விளிம்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எடையையும் விட்டத்தையும் பின்னொரு நாள் அளந்துகொள்ளலாம். கிடைத்த இடத்தை எழுதாமல் விட்டால் காசைப் பார்த்து மீட்க முடியாது. காசு கைமாறும்போது அதற்குரிய குறிப்பின் படியும் கூடவே போக வேண்டும்.