கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து தொடங்கலாம்

குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஊட்டி, கொடைக்கானல், வேடந்தாங்கல். அதற்கு லீவு வேண்டும், வண்டி வேண்டும், காசும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதைவிட, அன்றாடம் வாசலில் பார்ப்பதுதான் குழந்தையிடம் ஆழமாகத் தங்கும் என்று நம்புகிறேன். அதற்கு மொட்டைமாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும்.

கொழுந்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சளாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். அது வண்ணத்துப்பூச்சியின் முட்டை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், எலுமிச்சையைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். கறுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வகை, கறுப்புச் சிறகில் வெண்புள்ளி வரிசையுள்ள இன்னொரு வகை என இரண்டுமே நம் ஊர்களில் சாதாரணம்.

மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். முதலில் அது பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் விழுந்து காய்ந்ததுபோலவே இருக்கும். பறவைகளின் கண்ணை ஏய்க்கத்தான் இந்த வேடம். வளர்ந்தபின் தோலுரித்துப் பச்சைக்கு மாறி, இலையோடு இலையாகிவிடும். அந்தப் பருவத்தில் ஓர் ஈர்க்குச்சியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, கவையாகப் பிரிந்த கொம்பு ஒன்று சட்டென்று நீளும். கூடவே ஒரு நெடியும் அடிக்கும். ஒருமுறை பார்த்த குழந்தை மறுநாள் தானாகவே மாடிக்கு ஓடும். பிறகு புழு ஒரு குச்சியில் தன் இடுப்பைப் பட்டுநூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதக் கதை.

இடையில் சில புழுக்கள் காணாமல் போகும். பறவை கொத்தியிருக்கும், குளவி தூக்கிப் போயிருக்கும். குழந்தை அழுதால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குளவியும் தன் குஞ்சுக்குத்தான் இரை தேடுகிறது என்பது ஐந்து வயதுக்கும் புரியும். செடிக்கு மருந்து மட்டும் அடிக்காதீர்கள். இரண்டு கிளையைப் புழுவுக்கு விட்டுவிட்டு, மீதியைத் தாளிக்கப் பறித்துக்கொள்ளலாம். தின்ற இலை மறுபடி தழைக்கும்.

செடி இல்லாத வீடு என்றால் தெருமுனை எருக்கு இருக்கிறது. அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு மேயும். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலிலும் சேர்வதால், அது ஒளிந்துகொள்ளாமல் பளிச்சென்று நிற்கிறது. ஒன்று மறைந்து பிழைக்கிறது, இன்னொன்று எச்சரித்துப் பிழைக்கிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் விளக்காமல், ஏன் இப்படி என்று பிள்ளையையே கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூட உட்கார்ந்து பார்க்கும் அப்பாவோ ஆச்சியோதான் முக்கியம்.

வெளியே இருப்பதில் கண்ணுக்கும் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். இது 2015இல் வெளியான ஆய்வு.

பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அடுத்த படி பறவைகள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. காடு கழனிக்குப் போக வேண்டியதில்லை. மாடியிலோ தெருவிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட காகம், மைனா, கிளி, கொக்கு எல்லாவற்றையும் எண்ணி, ஈ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். பிள்ளை எண்ணட்டும், நீங்கள் எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. முருங்கையில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியைத் தொடவே கூடாது. அதன் ரோமம் பட்டால் அரித்துத் தடிக்கும். கறிவேப்பிலைப் புழுவுக்கு அப்படி ரோமம் கிடையாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. செடியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறு வேலை.