குப்பைக்குப் போன கொடி

சவூதி அரேபியாவின் தேசியக் கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை நிறம், நடுவில் அரபு எழுத்து, கீழே ஒரு வாள். ‘அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை, முகமது அவனுடைய தூதர்’ என்று எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் சரியாகப் படிக்க வேண்டுமே! அதனால் இரண்டு கொடிகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள்.

1994இல் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, பிரிட்டனில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் உணவுப் பைகளில் போட்டியில் ஆடிய நாடுகளின் கொடிகளை அச்சிட்டது. நல்ல யோசனைதான். ஆனால், சாப்பிட்டு முடித்ததும் பை எங்கே போகும்? குப்பைத் தொட்டிக்கு! அதில் இறைவன் பெயர் அல்லவா இருக்கிறது? முஸ்லிம்கள் மனம் நொந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

2007இல் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில், அமெரிக்கப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து சிறுவர்களுக்குக் கால்பந்துகளைப் போட்டார்கள். பரிசுதான்! பந்திலும் பல நாட்டுக் கொடிகளோடு இதே கொடி. உதைக்காமல் எப்படி விளையாடுவது? மக்கள் கோபத்தோடு கூடினார்கள். படையினர் வருத்தம் தெரிவித்தார்கள்.

நம் மூவர்ணக் கொடிக்கும் 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு இருக்கிறது. விளம்பரத்தில் கொடியைப் பயன்படுத்தக் கூடாது. கைக்குட்டையில் அச்சிடக் கூடாது. கொடியின் மேல் எழுதவும் கூடாது. சுதந்திர தினத்தன்று நீங்கள் அசைக்கும் காகிதக் கொடியையும் அது மறக்கவில்லை. விழா முடிந்ததும் தரையில் போடாமல், தனியிடத்தில் மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டுமாம்.